பக்கத்து நாற்காலிக்காக நாற்பது நாள்

பிப்ரவரி 10, செவ்வாய்

கடையை அரை மணி நேரம் முன்னாலேயே பூட்டிவிட்டுப் பங்கு மண்டபத்துக்குப் போய், பதினொரு பேர் வட்டமாக உட்கார்ந்து ஆன்மீகத்தில் வளர்ந்தோம். குழுவின் பெயரே "வளர்ந்தோர் விசுவாச வளர்ச்சிக் குழு." வளர்ந்த பிறகு எதற்கு வளர்ச்சி, எனக்கு இடுப்பில் நடக்கிற வளர்ச்சியே போதும் என்றேன். ஒருங்கிணைப்பாளர் சிரிக்கவில்லை. அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் மைக். பதினொரு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் மைக் வைத்துப் பேசுகிறவரை வேறு எப்படி அழைப்பதாம்?

வாசகத்தை ஆளுக்கு நாலு வரியாக வாசித்தோம். அண்ணியின் முறை வந்தது. வழக்கம்போல வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டித் தடவி. அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை; கல்யாணத்துக்குப் பிறகு என் அண்ணன்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். பக்கத்து நாற்காலியில் நான் இருந்ததால் ஆறு இடத்தில் எடுத்துக் கொடுத்தேன். இல்லாவிட்டால் எல்லோரும் இறுதித் தீர்ப்பு நாள் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதையும் வாய்விட்டுச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி நன்றி கூடச் சொல்லவில்லை. பரவாயில்லை, என் கணக்கு பரலோகத்தில் ஏறியிருக்கும்.

பிப்ரவரி 13, வெள்ளி

அண்ணியின் மகள் போன் செய்தாளாம். அம்மாவை நிரந்தரமாகத் தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறாளாம். பஸ்ஸில் எட்டு மணி நேரத் தொலைவு.

"ஈஸ்டர் முடிஞ்சு சொல்றேன்னு சொல்லியிருக்கேன்" என்றார் அண்ணி, படிக்கட்டில் நின்றபடி.

"தாராளமா போங்க அண்ணி. மாடிய வாடகைக்கு விட்டா நல்ல ஆளா வருவாங்க" என்றேன்.

அவர் திரும்பி மேலே போய்விட்டார். வேடிக்கைக்குச் சொன்னதைக் கூடப் புரிந்துகொள்ள மாட்டார். அண்ணன் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. கீழே நானும் சலவைக்கடையும், மேலே அவர். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து ஐந்து மணிக்கு அவர் படியேறும் சத்தம் கேட்டால்தான் நான் டீ போடுவேன். அது பழக்கதோஷம், பாசம் கீசம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 14, சனி

ஓர் அட்டையில் "மாடி வாடகைக்கு" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கடைக் கண்ணாடியில் ஒட்டவில்லை. இஸ்திரி மேசைக்குப் பின்னால் சாத்தி வைத்தேன், பாதி தெரிகிற மாதிரி. அண்ணி தேநீர்க் குவளையை வைக்க வந்தபோது பார்த்தார். பார்க்கத்தானே வைத்தேன்?

பிப்ரவரி 17, செவ்வாய்

நாளை தவக்காலம் தொடங்குகிறது. ஆகவே ஃபாதருக்கு ஒரு யோசனை உதித்திருக்கிறது. இளம் ஃபாதர்களுக்கு யோசனை வராமல் தடுக்க ஒரு தடுப்பூசி இருந்தால் நன்றாக இருக்கும்.

திட்டம் இது. ஆளுக்கு ஒரு வேண்டுதலைப் பெயர் போடாமல் ஞாயிற்றுக்கிழமைக்குள்ளேயே எழுதிக் கொடுத்துவிட்டோம். கையெழுத்து தெரியக்கூடாது என்று மைக் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து அட்டையாக்கிக் கொண்டுவந்தார். குலுக்கல் போட்டு ஆளுக்கு ஒன்று எடுத்தோம். யாருடையது என்று தெரியாமலேயே ஈஸ்டர் வரை தினமும் அதற்காகச் செபிக்க வேண்டும். ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை அவரவர் அட்டையை உரக்க வாசிக்க, உரியவர் எழுந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான் எழுதிக் கொடுத்தது: "நல்ல வாடகைதாரர் அமைய." ஃபாதர் பார்த்து யார் இது என்று மண்டையைக் குடையட்டும்.

எனக்கு வந்த அட்டை: "பக்கத்தில் உட்காருகிறவர் என்னை வாரத்துக்கு இரண்டு தடவை எல்லோர் முன்னாலும் வெட்கப்படுத்துகிறார். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். அவரை வெறுக்காமல் இருக்க எனக்கு மனம் வேண்டும்."

அடடா. மூட்டுவலி, மகனுக்கு வேலை என்று ஏதாவது வரும் என்று பார்த்தால் முழுநீளக் குடும்பக் கதை வந்திருக்கிறது. தவக்காலம் இனிதே அமையும்.

பிப்ரவரி 18, திருநீற்றுப் புதன்

முதல் செபம். "ஆண்டவரே, இந்தப் பாவப்பட்ட ஜென்மத்துக்குப் பொறுமையைக் கொடும். பக்கத்து நாற்காலியில் இருக்கும் அந்தத் தொல்லைக்கு நல்ல புத்தியைக் கொடும்." மொத்தம் பத்து வினாடி. இஸ்திரிப் பெட்டி சூடாகும் நேரத்தில் முடிந்துவிட்டது.

பிப்ரவரி 22, ஞாயிறு

பூசையில் அண்ணி பாட்டுப் புத்தகத்தில் ஏதோ பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வாங்கிச் சரியான பக்கத்தைப் பிரித்து, வரியில் விரலை வைத்துக் கொடுத்தேன். "இங்க அண்ணி, இங்க." முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நாத்தனார் இவ்வளவு அனுசரணையாக இருப்பது அபூர்வம் என்று நினைத்திருப்பார்கள்.

மற்றபடி பூசை முழுக்க எனக்கு ஒரே வேலைதான். யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் முகத்தில் எரிச்சல் தெரிகிறது என்று கணக்கெடுத்தேன். இரண்டு தடவை என்றால் செவ்வாயும் ஞாயிறுமாகத்தான் இருக்கும். சட்டையைக் கொடுத்தால் கறையைப் பார்த்தே என்ன சாப்பிட்டார், எங்கே சாய்ந்தார் என்று சொல்கிறவள் நான். இதைக் கண்டுபிடிக்க மாட்டேனா?

மார்ச் 3, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

பஸ் டிரைவர். பாவம், பூனை மாதிரி மனிதர். அவர் பக்கத்து நாற்காலி ஓய்வுபெற்ற தலைமையாசிரியைக்கு. டிரைவர் வாயைத் திறந்தால் போதும், "அப்படி இல்ல தம்பி" என்று டீச்சர் தொடங்கிவிடுவார். இன்று எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் ஐந்து "அப்படி இல்ல." டிரைவரின் காது சிவந்துபோனது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார் என்று எழுதியிருக்கிறாரே, எப்பேர்ப்பட்ட மனசு! எனக்கு அந்த நாற்காலி கிடைத்திருந்தால் டீச்சரின் மூக்குக்கண்ணாடி என்றைக்கோ காணாமல் போயிருக்கும்.

அண்ணிக்கு இன்று நான்கு இடத்தில் எடுத்துக் கொடுத்தேன். முன்னேற்றம் தெரிகிறது.

மார்ச் 7, சனி

இப்போது முழு மூச்சாகச் செபிக்கிறேன். பீடத் துணியில் ஒட்டிய மெழுகை எடுத்துக்கொண்டே, "ஆண்டவரே, அந்தப் பக்கத்து நாற்காலியின் வாயைக் கொஞ்ச நாளைக்குக் கட்டிப்போடும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வேண்டினேன். இவ்வளவு பக்தியோடு நான் செபித்து வருடங்கள் ஆகின்றன. அடுத்தவரைத் திருத்தச் சொல்லி வேண்டும்போது என்ன ஒரு உருக்கம்!

மார்ச் 9, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. ஒரு சொல் வெளியே வரவில்லை. வாடிக்கையாளர்களிடம் சைகையிலேயே பேசினேன். ஒருவர் கோட்டைக் கொடுத்துவிட்டு அவரும் சைகையிலேயே பதில் சொன்னார், காது கேட்காதவளுக்குச் சொல்கிற மாதிரி.

மார்ச் 10, செவ்வாய்

குரல் இல்லாமலேயே குழுவுக்குப் போனேன். அண்ணி தன் பங்கை முழுசாக வாசித்தார். நேரம் ஆனது. ஆனால் என் உதவி இல்லாமலேயே எப்படியோ கரை சேர்ந்துவிட்டார். கடைசி வரியை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு களை. ஃபாதர் "நல்லா வாசிச்சீங்கம்மா" என்றார். எனக்கு இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்ததும் அண்ணிதான்.

டீச்சருக்கு மட்டும் தொண்டை கணீரென்று இருக்கிறது. செபம் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

செபம் பலிக்காதபோது மனிதர்கள்தான் இறங்கிச் செய்ய வேண்டும். செய்துவிட்டேன்.

டிரைவர் ஏதோ சொல்லவந்தார். "அப்படி இல்ல தம்பி" என்றார் டீச்சர். நான் எழுந்தேன்.

"டீச்சர், உங்க பக்கத்துல உக்காந்திருக்கிறவரு மனுஷன். கரும்பலகை இல்ல. நல்ல எண்ணத்துலதான் பண்றீங்க, யாரு இல்லன்னா? ஆனா எல்லார் முன்னாடியும் ஒருத்தர வெக்கப்படுத்திட்டு, அதுக்குப் பேரு உதவியா? அவரு எவ்வளவு வேதனைப்படுறாருன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கீங்களா?"

மைக் கையில் இருந்த மைக் கூட ஓசையில்லாமல் இருந்தது. டீச்சர் மெல்ல எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, நாற்காலியை ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணி என்னைப் பார்த்தார். இதுவரை அப்படிப் பார்த்ததில்லை. வாய் பிளந்து பார்த்தார். என் தைரியத்தைக் கண்டு அசந்துபோயிருப்பார்.

மார்ச் 18, புதன்

டீச்சர் நாற்காலியைத் தள்ளி வைத்தது கண்ணிலேயே நிற்கிறது. எனக்கென்ன.

மார்ச் 24, செவ்வாய்

டீச்சர் வரவில்லை. கூட்டம் முடிந்ததும் டிரைவர் என்னை வாசலில் நிறுத்தினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, "ஐயோ, அதெல்லாம் எதுக்கு" என்று சொல்லத் தயாராக நின்றேன்.

"அக்கா, டீச்சர் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சொல்லித்தர ஆள் இருக்கேன்னுதான் பக்கத்துலயே உக்காருறேன். நீங்க ஏன் அப்படிப் பேசுனீங்க?"

ரகசியம் காக்க வேண்டும் என்பதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு அட்டையைப் பற்றிச் சொன்னேன். வாரத்துக்கு இரண்டு தடவை, செவ்வாயும் ஞாயிறும்.

"ஞாயித்துக்கிழம எனக்கு டூட்டிக்கா. நான் சனிக்கிழம சாயங்காலப் பூசைக்கு வர்றவன். அந்த அட்டை என்னோடது இல்ல."

வீட்டுக்கு வந்து கடை ரசீதின் பின்னால் வட்டம் போட்டேன். துணிக்கு நம்பர் சீட்டு குத்துகிற மாதிரி ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு நம்பர். செவ்வாயும் ஞாயிறும் ஒரே ஆள் பக்கத்தில் உட்காருகிறவர்கள் யார்? ஒவ்வொன்றாக அடித்தேன். நாற்காலி பதினொன்று. சீட்டு பத்துதான் குத்தியிருந்தேன். கடையில் இப்படிக் குறைந்தால் மேசைக்கு அடியில் தேடுவேன்.

குறைந்தது என் நாற்காலி.

செவ்வாயும் ஞாயிறும் என் பக்கத்தில் உட்காருகிற ஒரே ஆள்—

நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார் என்று வேறு எழுதியிருக்கிறார். அண்ணி, அண்ணி. நானா? நான் எடுத்துக் கொடுத்ததெல்லாம்—

மார்ச் 25, புதன்

தொண்டை கட்டியது ஞாபகம் வந்தது. "பக்கத்து நாற்காலியின் வாயைக் கட்டும்" என்று கேட்டேன். கட்டினார். சரியான முகவரிக்குத்தான் போயிருக்கிறது. நான்தான் வீட்டுக்காரி என்று தெரியாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அழுகை வந்தது. அப்போது பார்த்து ஒருவர் கல்யாணக் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீராவி கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

மார்ச் 28, சனி

டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். யாருடைய அட்டை என்று சொல்லவில்லை. தப்பான இடத்தில் பாய்ந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். என்னை முன்னறையில் உட்கார வைத்து, முழுசாகக் கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"முப்பது வருஷம் அடுத்தவங்களத் திருத்தியே காலத்த ஓட்டிட்டேன். என்னை யாரும் நேருக்கு நேர் திருத்தினதே இல்ல. நீங்கதான் முதல் ஆள். அதுவும் ஆள் மாறி."

"ஆமா டீச்சர்."

"ஆனா சொன்னது அவ்வளவு தப்பு இல்ல. எண்ணிப் பாத்தேன். 'அப்படி இல்ல'ன்னு நான் நெறையத்தான் சொல்றேன்."

"அப்படி இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார்.

மார்ச் 29, ஞாயிறு

பாட்டுப் புத்தகத்தை அண்ணியே புரட்டினார். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தை அவர் கண்டுபிடித்தபோது பாட்டு முடியும் நேரம். கடைசி இரண்டு வரியை மட்டும் பாடினார். அவருக்கு இவ்வளவு நல்ல குரல் என்று எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும், நான் விட்டால்தானே.

ஏப்ரல் 2, வியாழன்

செபம் வரவில்லை. முன்பு பத்து வினாடியில் முடிந்தது; இன்று அரை மணி நேரம் முழங்காலில் இருந்தும் ஒரு வரி தேறவில்லை. "என்னை வெறுக்காமல் இருக்க அண்ணிக்கு மனம் கொடும்." இதை எந்த முகத்தோடு சொல்வது? அவர் வெறுத்தால் அது நியாயமான வெறுப்பு. அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்பது எனக்கல்லவா லாபம்?

உண்மையைச் சொல்கிறேன், இங்கே யாரும் படிக்கப் போவதில்லை. அண்ணி போய்விட்டால் ஐந்து மணிக்கு யாருக்கு டீ போடுவேன்? போகக்கூடாது. அவர் வாசிக்கும்போது இடைவெளியில் எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்றும் யோசித்தேன். அண்ணன் இருந்திருந்தால் என்ற நினைப்பு அந்த இடைவெளியில்தான் வருகிறது. அதை அடைக்கத்தான் ஏதாவது பேசிவிடுகிறேனோ?

தெரியவில்லை. சாக்காகவும் இருக்கலாம். சாக்குச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு

அண்ணி மகளிடம் நெடுநேரம் போனில் பேசினார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. படிக்கட்டில் நின்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

அட்டை திரும்பக் கொடுக்கும் நாள்.

மூட்டுவலிக்காரர் எழுந்தார், வாங்கினார், கைதட்டினோம். "நல்ல வாடகைதாரர் அமைய" என்று வாசித்தது யார் என்று பார்த்தால் அண்ணி! நாற்பது நாளும் எனக்கு வாடகைதாரர் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார், தன் அறைக்கு. பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று பார்த்தேன். அந்த வசதி எல்லாம் பழைய காலத்தோடு சரி. எழுந்து நின்றேன். அட்டையை என் கையில் வைத்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

பிறகு என் முறை. வாசித்தேன். "அவரை வெறுக்காமல் இருக்க எனக்கு மனம் வேண்டும்" என்ற இடத்தில் குரல் தடுக்கியது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. முடித்தேன்.

யாரும் எழவில்லை. ஃபாதர் மின்விசிறியைப் பார்த்தார். டீச்சர் மடியைப் பார்த்தார். அண்ணி எழுந்து நடக்க வேண்டிய அவசியம் இல்லை, பக்கத்து நாற்காலிதானே. கையை மட்டும் நீட்டினார்.

"நாப்பது நாளா எனக்காக வேண்டிக்கிட்டது நீயா?"

"ஆமா அண்ணி."

"அதான் பலிக்க இவ்ளோ லேட்டாயிடுச்சு."

முதலில் சிரித்தவர் டீச்சர். அப்புறம் மண்டபமே சிரித்தது. இந்தக் குடும்பத்தில் வாய்க்கொழுப்பு எனக்கு மட்டும்தான் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அவருக்கு நான் சந்தர்ப்பமே கொடுத்ததில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அண்ணிதான் பேசினார்.

"உங்க அண்ணன் எடுத்துக் கொடுக்கவே மாட்டாரு. ஒரு வார்த்தைக்குப் பத்து நிமிஷம் ஆனாலும் சும்மா உக்காந்திருப்பாரு. 'அந்த வார்த்தைக்கு நீயே வந்து சேருவ'ன்னு சொல்லுவாரு. நீ சட்டுனு சொல்லும்போதெல்லாம், அவரு சொல்லிக்கொடுத்தது வீணாப் போச்சோன்னு இருக்கும் எனக்கு."

"மன்னிச்சிடுங்க அண்ணி" என்றேன். "போகாதீங்க" என்றும் சொன்னேன். அண்ணன் போன பிறகு அவரிடம் நான் கேலி கலக்காமல் பேசியது இந்த இரண்டும்தான்.

"யோசிக்கிறேன்" என்றார்.

ஏப்ரல் 8, புதன்

இன்னும் யோசிக்கிறார். நான் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மே 12, செவ்வாய்

கடைக் கண்ணாடியில் இன்று ஓர் அட்டை ஒட்டினோம். "செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்குக் கடை மூடப்படும்." அண்ணி எழுதியது. இஸ்திரி மேசையில் முக்கால் மணி நேரம் குனிந்து உட்கார்ந்து எழுதினார். எழுத்து ஒன்று பெரிது, ஒன்று சிறிது, கடைசி வார்த்தைக்கு இடமே இல்லாமல் ஓரத்தில் மடங்கி இறங்குகிறது. நான் அந்த முக்கால் மணி நேரமும் நீராவியோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். அட்டைக்கு எங்கும் போகவில்லை. அந்தப் பழைய "மாடி வாடகைக்கு" அட்டையைத்தான் திருப்பிக்கொண்டோம். மகளிடம் பள்ளி விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், பதினைந்து நாள். எனக்கும் சேர்த்து டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறாராம். என்னைக் கேட்கவே இல்லை. இந்த வீட்டில் எனக்கு என்ன மரியாதை இருக்கிறது?

குழுவில் அண்ணிக்கு வந்த பகுதியில் நான்கு ஊரும் ஒரு ராஜாவும் இருந்தார்கள். ஊர்களை ஒவ்வொன்றாகத் தாண்டினார். ராஜாவின் பெயர் அரை வரி நீளம். அங்கே நின்றார். மைக் தொண்டையைச் செருமினார். டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். டிரைவர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். நான் கைகளின் மேல் உட்கார்ந்திருந்தேன். அந்த இடைவெளியில் அண்ணனும் எங்களோடு உட்கார்ந்திருந்தான்.

அண்ணி விரலை எடுக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"இது என்ன?"

கேட்ட பிறகுதான் சொன்னேன்.